சனிக்கிழமை வாழ்த்து

சலவைக்காரி ஹுல்டா பாகெல் பெர்லின் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது, இன்ஸ்பெக்டர் கிரீபன் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "என் பொண்ணு மின்னாவ உள்ள வெச்சிருக்கீங்க ஐயா. வேலை செய்யற வீட்ல சட்டையில குத்திக்கற புரூச்சு நகையத் திருடிட்டாளாம். நாளைக்குக் கோர்ட்டு. திருடின்னு பேர் விழுந்துட்டா அப்புறம் அவள யாரு வேலைக்கு வெச்சுக்குவாங்க? விட்டுடுங்கன்னு கேக்க வரல. சரியா விசாரிங்கன்னு கேக்க வந்தேன்."

கிரீபன் கோப்பையைக் கீழே வைத்தார். பட்டாளத்திலிருந்து இந்த உத்தியோகத்துக்கு வந்த நாள் முதல் கெஞ்சுகிறவர்களையே பார்த்தவர் அவர். உதவியாளன் லூட்கேயை அழைத்துக்கொண்டு உடனே கிளம்பினார்.

மின்னா வேலை செய்த வீட்டின் எஜமானி, விதவை வெண்டெபோர்ன், துடைப்பமும் கையுமாகக் கதவைத் திறந்தாள். "மின்னா போனதிலேருந்து எல்லா அறையையும் நானே பெருக்கறேன். கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னால, ஒரு மூலை விடறதில்ல. இடுப்பு விட்டுப்போச்சு!"

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிறந்தநாள். காலையில் அணியத் தேடினால் சிவப்புக்கல் புரூச்சைக் காணோம். வீட்டில் மின்னாவைத் தவிர இருந்தவன் அறை வாடகைக்கு எடுத்திருந்த கெஸ்ஸின் மட்டுமே. சாட்சி சொன்னவனும் அவன்தான்.

"சனிக்கிழமை சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம்னு வீட்டுக்கார அம்மா அறைக்குப் போனேன். அம்மா இல்ல. மின்னா நகைப்பெட்டிய மூடிட்டிருந்தா" என்றான் கெஸ்ஸின்.

"நீங்க இந்த ஊரா?" என்று கேட்டார் கிரீபன்.

"மூணு தலைமுறையா பெர்லின்தான்!"

"சனிக்கிழமையே வாழ்த்தா?" விதவை துடைப்பத்தை ஓங்கினாள். "ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடணும்னா?"

"அதேதாம்மா" என்றார் கிரீபன். "பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்தினா ஆகாதுன்னு இங்க பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர் வாழ்த்தப் போகல. மின்னா மேல பழி போடணும்னா தானும் அங்க இருந்ததாச் சொல்லியாகணும். எதுக்குப் போனேன்னு அவசரத்துல ஒரு காரணத்த ஜோடிச்சுட்டார்."

"அப்ப புரூச்சு எங்க ஐயா? இவர் அறையிலயா?" லூட்கேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா இப்படி மூலைமுடுக்கெல்லாம் பெருக்கறப்ப அறையில வெப்பாரா? தன் உடம்பு மேலயே வெச்சிருப்பார்."

கெஸ்ஸினின் கை தானாகவே கோட்டின் உள்பையைப் பொத்தியது. லூட்கே அதை விலக்கினான். கைக்குட்டைக்குள் சிவப்புக் கல் மின்னியது.

அன்று மாலையே மின்னா வெளியே வந்தாள். அவளை வாசலில் நிறுத்திவிட்டு ஹுல்டா உள்ளே வந்தாள். சலவைக் காரத்தில் வெந்து தடித்த இரு கைகளாலும் கிரீபனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா, கைய விடுங்க. அந்தக் கையாலதான் அவர் கையெழுத்துப் போடணும்" என்றான் லூட்கே.

"சும்மா இருப்பா" என்றார் கிரீபன்.

பதக்கங்கள் வாங்கியபோதெல்லாம் விறைப்பாகச் சலாம் வைத்துவிட்டு வந்தவர் அவர். இப்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"நன்றி நான்தாம்மா சொல்லணும். விட்டுடுங்கன்னு கெஞ்சாம, சரியா விசாரிங்கன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்றார்.


கையை அவராக விலக்கிக்கொள்ளவில்லை.