பொட்டு வைத்த மூன்றாவது பெட்டி

ட்ரிங்... ட்ரிங்...!

மேஜை மேல் இருந்த இன்டர்காம் அலறியது. பொற்கொடி எடுத்தாள்.

ஓசூர் சிப்காட்டில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில், சர்வர்கள் அத்தனைக்கும் பொறுப்பு அவள்தான். முப்பத்து நான்கு வயது. சிவகாசிக்காரி.

"யக்கா, மாரிமுத்து பேசுதேன். ரிப்பேர் பாக்க நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குள்ள இறங்கப் போறேன். லாக் போட்டிருக்கா?"

பொற்கொடி திரையைப் பார்த்தாள். நான்காம் நம்பருக்கு எதிரே சிவப்பு.

"போட்டிருக்கு. தைரியமா இறங்கு."

"நீங்க சொன்னாத்தான்க்கா நம்புவேன். முன்னல்லாம் பிரஸ்ல பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்புல சொருகிட்டு இறங்குவோம். இப்ப பூட்டையே கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டாவ. பதினோரு மணிக்கு கவர்மென்ட்டு ஃபேக்டரி ஆபீசர் சோதனைக்கு வாராரு. போன்ல ஒரு வீடியோ வச்சிருக்கேன். அவர்கிட்ட காட்டாம விடமாட்டேன்!"

"சரி சரி... முதல்ல வேலையை முடி."

மணி 10.12.

10.17க்கு ஷெட்டே அதிர்கிற மாதிரி ஓர் அலறல்.

"ஐயோ...!"

முந்நூறு டன் பிரஸ் கீழே இறங்கியிருந்தது.

மாரிமுத்து உள்ளே இருந்தான்!

*

கேட்டில் பளார் என்று ஓர் அறை விழுந்தது. பொற்கொடியின் கன்னம் எரிந்தது.

அறைந்தவள் பவளம். மாரிமுத்துவின் மனைவி.

"நீ சொல்லித்தானேடி இறங்குனாரு? தைரியமா இறங்குன்னு சொன்னியாமே! எம் புருசனைக் கொன்னுட்டியேடி பாவி!"

பொற்கொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது அவள்தானே?

ஆனால் சிவப்பு எரிந்ததை அவள் கண்ணால் பார்த்தாளே! பிறகு எப்படி?

*

மணி பன்னிரண்டு. மீட்டிங் ரூம்.

இன்ஸ்பெக்டர் சரிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறொரு கேஸ் முடிந்து திரும்பும்போது சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டை மறித்து யானைக் கூட்டம். அரை மணி நேரம் வீண். அந்த எரிச்சல் இன்னும் முகத்தில் இருந்தது.

"யாரு மேல தப்பு? சுருக்கமா சொல்லுங்க."

"இவ மேலதான் மேடம்!" பிளான்ட் ஹெட் ஹரீஷ்குமார் கையை நீட்டினார். "இவ போட்ட கிளஸ்டர் சொதப்பிடுச்சு. ரெண்டு சர்வருக்கும் நடுவுல கேபிள் கழண்டிருக்கு. ரெண்டாவது சர்வர் லாக்கை மறந்துட்டு பிரஸ்ஸை விட்டுடுச்சு. அரெஸ்ட் பண்ணுங்க!"

"கிளஸ்டர்னா?"

"நான் சொல்றேன் மேடம்." பொற்கொடி ஆத்திரத்தோடு எழுந்தாள். "ஒரு சர்வர் படுத்துட்டா பிளான்ட்டே நிக்கும். அதனால ரெண்டு. ஒண்ணு செத்தா அடுத்தது அதே நொடி வேலையை எடுத்துக்கும். மூணு வாரம் கறுப்புத் திரை முன்னாடி உக்காந்து, ஒவ்வொரு வரியா தட்டித்தட்டி ரெண்டையும் சேர்த்து வச்சேன்."

"அப்போ கேபிள் கழண்டா?"

"ஒண்ணை ஒண்ணு செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கும். ரெண்டுமே நான்தான் பெரியவன்னு கிளம்பும்."

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கறா!" ஹரீஷ்குமார் மேஜையைத் தட்டினார்.

ஓரத்தில் இருந்த சேஃப்டி ஆபீசர் குருமூர்த்தி, தண்ணீர் பாட்டிலைப் பொற்கொடி பக்கம் தள்ளினார். தங்கமான மனுஷன் என்று பிளான்ட் முழுக்கப் பெயர். அவள் கிளஸ்டர் போட்ட மூன்று வாரமும் ஆடிட்டுக்கு வேண்டும் என்று நோட்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"தங்கச்சி, டென்ஷன் ஆவாத. தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்துடு. சின்ன கேஸா முடிச்சுக்கலாம்."

"நான் ஏண்ணா எழுதணும்?" சீறினாள். "மேடம், பத்து நிமிஷம் குடுங்க!"

*

தன் அறைக்கு ஓடினாள். கறுப்புத் திரையைத் திறந்தாள். ஒரு வரி தட்டினாள்.

முதல் சர்வரில் இன்று காலைப் பதிவே இல்லை!

இரண்டாவதில்? அதுவும் காலி!

அடப்பாவிங்களா! கேபிள் கழண்டால் சர்வர் தன் டைரியைத் தானே கழுவித் துடைத்து வைக்குமா?

யாரோ கை வைத்திருக்கிறார்கள். இது விபத்து இல்லை. கொலை!

இன்னொரு வரி தட்டினாள். அவளுக்கு மட்டுமே தெரிந்த மூன்றாவது பெட்டிக்கு.

பதில் வந்தது. 10.17... லாக்கை விடுவித்த கட்டளை... தட்டியவர் பெயர்...

படித்தாள். உச்சந்தலை வரை கொதித்தது. திரையை அறைந்து மூடினாள்.

வராந்தாவில் சரிதாவை மடக்கி, காதில் நான்கே வார்த்தை சொன்னாள். சரிதாவின் புருவம் ஏறியது.

*

"மூணாவதா ஒண்ணு இருக்கு சார்!"

மீட்டிங் ரூமே நிமிர்ந்தது.

"ஏது? தண்டச்செலவு, வாங்கித் தரமாட்டேன்னுதானே சொன்னேன்!" ஹரீஷ்குமார் எகிறினார்.

"சொன்னீங்க. ரெண்டு பேருக்கு சண்டை வந்தா தீர்த்து வைக்க மூணாவது ஓட்டு வேணும். தலைதலையா அடிச்சுக்கிட்டேன், நீங்க கேக்கலை. அதனால ஸ்கிராப் குடோன்ல கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை அங்கேயே ரகசியமா ஓட விட்டேன். அது இருக்கற வரைக்கும் கேபிள் கழண்டாலும் லாக் விடாது. யாரோ கையால தட்டி விட்டிருக்காங்க. யாரு தட்டினா, எந்த சீட்லேர்ந்து தட்டினா... எல்லாம் அதுல ஒரு காப்பி விழுந்திருக்கும்!"

"கிருஷ்ணகிரியிலேர்ந்து சைபர் ஆளுங்க ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க. அவங்க திறக்கட்டும்" என்றாள் சரிதா.

குருமூர்த்தி தாடையைச் சொறிந்தார். "குடோன்ல நாப்பது பெட்டி குவிஞ்சு கிடக்கே தங்கச்சி... எதுன்னு தேடறது?"

"சுலபம்ண்ணா. போன வாரம் ஆயுத பூஜைக்கு ஓடற மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சோம்ல? ஸ்கிராப்புக்கு யாரு வைப்பா? ஆனா என் பெட்டி உழைக்குதே, மனசு கேக்கலை. அதுக்கு மட்டும் சந்தனம் குழைச்சு குங்குமம் வச்சேன்."

*

மணி 1.20.

டமால்...! டமால்...!

ஸ்கிராப் குடோனுக்குள்ளிருந்து சத்தம். இருட்டு மூலையில் பதுங்கியிருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள். பின்னாலேயே சரிதா, பொற்கொடி.

நொறுங்கிய கம்ப்யூட்டர். கையில் பெரிய ஸ்பானர். முகமெல்லாம் வியர்வை.

ஹரீஷ்குமார்தானே என்கிறீர்களா?

அவர் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்று, வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

ஸ்பானரோடு நின்றவர்... குருமூர்த்தி!

"ச... சத்தம் கேட்டு வந்தேன் மேடம்!"

சரிதா அவர் வலது கையைத் திருப்பினாள். விரலெல்லாம் சிவப்பு. குங்குமம்!

"ஏன் சார், கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

பொற்கொடி பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். அண்ணாவும் போச்சு, மரியாதையும் போச்சு.

"ஏன்டா கொன்ன? சொல்லுடா! தங்கச்சி தங்கச்சின்னு பக்கத்துலயே உக்காந்து, நான் தட்டினதையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டியே, இதுக்குத்தானா?"

குருமூர்த்தி உடைந்தார். "பிரஸ்ல மாட்டற பூட்டெல்லாம் என் ரூம்ல மூட்டை கட்டிக் கிடக்கு. தினமும் மாட்டியிருக்குன்னு கையெழுத்து போட்டுட்டு இருந்தேன். அதை மாரிமுத்து வீடியோ எடுத்துட்டான், ஆபீசர்கிட்ட காட்டுவேன்னு என்கிட்டயே சொன்னான். ஆபீசர் பார்த்தா என் வேலை போயிடும். பிள்ளைகுட்டிக்காரன்மா நான்!"

"அவனுக்கும் ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்குடா! ரெண்டாங்கிளாஸ் படிக்குது!"

சட்டைப் பொத்தான் தெறித்தது. சரிதாதான் அவளைப் பிரித்து இழுக்க வேண்டியதாயிற்று.

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பெட்டியில யாரு பேரு இருந்துச்சு தெரியுமா?"

குருமூர்த்தி நொறுங்கிய பெட்டியைப் பார்த்தார்.

"என் பேரு! கேபிளை உருவி விட்டுட்டு, என் பாஸ்வேர்டைப் போட்டுத்தானே நீ தட்டின? எந்த சீட்லேர்ந்துன்னெல்லாம் அதுல ஒண்ணும் கிடையாது. சும்மா விட்ட கதை. என்னை ஜெயிலுக்கு அனுப்ப இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைத்தான் உன் கையாலேயே உடைச்சு வச்சிருக்க!"

குருமூர்த்தியின் கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்தது.

"அப்பாடா! நம்ம கம்பெனி தப்பிச்சுது!" என்றார் ஹரீஷ்குமார்.

"லைன் நிக்கக்கூடாதுன்னு பூட்டைக் கழட்டச் சொன்னது யாரு? நீங்கதானே?" பொற்கொடி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜீப்புல இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு சார், ஏறுங்க" என்றாள் சரிதா.

கேட்டில் பவளம் எழுந்து நின்றாள். எல்லாம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. பொற்கொடியிடம் வந்து, தான் அறைந்த கன்னத்தை ஒருமுறை தொட்டாள். அப்போதுதான் பொற்கொடி வாய்விட்டு அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது குருமூர்த்தி கெஞ்சினார். "மேடம், எனக்கு பிரஷர் இருக்கு. எப்படியாச்சும் ஜாமீன்..."

மீட்டிங் ரூமில் கற்ற பாடத்தைச் சரிதா மறக்கவில்லை.

"கவலையே படாதீங்க சார். சேலம் ஜெயில்ல ஒரு ரூம் ரிப்பேரானா அடுத்த ரூம் அதே நொடி உங்களை எடுத்துக்கும். ஒரு செகண்டுகூட வெளியே விடாது!"