இருநூற்றுப் பதினைந்தாவது சாவு

ட்ரிங்... ட்ரிங்...!

பாபநாசம் மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் கதறியது.

காலை மணி பத்து. ஏட்டு பலவேசம் இடது கையால் ரிசீவரை எடுத்தார். வலது கையில் உளுந்த வடை.

"ஹலோ... ஸ்டேஷன்."

"ஒரு கொலைக் கேஸ் குடுக்கணும்."

வடை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"கொலையா! செத்தது யாரு?"

"நாந்தான்!"

"...?"

"ஐயம்பெருமாள். சினிமா நடிகன். நேத்து மத்தியானம் ஒண்ணேகால் மணிக்கு என்னைக் கொன்னுட்டானுவ. இது எனக்கு இருநூத்திப் பதினஞ்சாவது சாவு வே! முந்தின இருநூத்திப் பதினாலுக்கும் நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இதுக்குக் கேஸ் போட்டே ஆவணும்!"

பலவேசம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, இன்ஸ்பெக்டர் ராஜராஜேஸ்வரியின் அறைப் பக்கம் திரும்பினார்.

"மேடம்... ஒரு பொணம் போன்ல பேசுது."

"என்ன வேணுமாம்?"

"கேஸ் குடுக்கணுமாம்."

இன்ஸ்பெக்டர் பைலிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

"நேர்ல வரச் சொல்லும். நடந்து வருதா, நாலு பேர் தூக்கிட்டு வாறாங்களான்னு பாப்போம்."

பிணம் ஆட்டோவில் வந்தது!

அறுபத்து மூன்று வயது. வெள்ளை வேட்டி. நெற்றியில், நேற்று ஒட்டிய ஒரு ரூபாய்க் காசின் பசைத் தடம்.

ஐயம்பெருமாளைத் தெரியாத தமிழன் கிடையாது. ஆனால் பெயர் எவனுக்கும் தெரியாது. கத்திக்குத்து, விஷம், ரயில், யானை மிதி, மின்சாரம்... அவர் சாகாத சாவு இல்லை. ஒரு பொங்கலுக்கு மூன்று படங்களில் செத்து, ஒரே நாளில் திருநெல்வேலியின் மூன்று தியேட்டர்களில் பாடை ஏறியவர். மூக்கில் ஈ குடியேறிக் குடும்பம் நடத்தினாலும் அசைய மாட்டார். நாங்குநேரிப் பக்கம் ஒரு ஷூட்டிங்கில் அவர் செத்த அழகைப் பார்த்து, அந்த வழியாகப் போன நிஜமான சவ ஊர்வலமே பாடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்று ரசித்தது!

பின்னாலேயே, கையில் பிளாஸ்க்கோடு, குமரகுருபரன் வந்தார்.

அவரும் நடிகர். ஐயம்பெருமாள் சாவார், குமரகுருபரன் மேலே விழுந்து அழுவார். முப்பத்தெட்டு வருஷ ஜோடி. அவர் மாரடித்து அழுதால் தாமிரபரணியில் ஓரடி தண்ணீர் ஏறும். அத்தனையும் கிளிசரின்! பெற்ற அப்பா செத்த அன்றைக்கே "கிளிசரின் எங்கலே?" என்று தேடிய மனுஷர்.

"ரெண்டு பேரும் உக்காருங்க அண்ணாச்சி." ராஜராஜேஸ்வரி பேனாவை மூடி வைத்தார். "செத்தவர் குடுக்குத கம்ப்ளெயின்டை எழுத எங்கிட்ட ஃபாரம் கிடையாது. வாயால சொல்லுங்க."

"தாயி, நேத்து ஆத்தங்கரையில ஷூட்டிங். என் சாவு சீன். பாடையில கிடக்கேன். தாடைக்கட்டு, கால்கட்டு, மூக்குல பஞ்சு. ஷாட்டுக்கு முன்னால ஒரு நன்னாரி சர்பத் குடிச்சேன். அதுலதான் எதையோ கலந்துட்டானுவ!"

"நானும் அதே சர்பத்தைத்தான் குடிச்சேன் மேடம்." குமரகுருபரன் பைய இடையில் நுழைந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகல. வெயில். போதாக்குறைக்கு இவனுக்குச் சுகர் வேற. ஆஸ்பத்திரியிலயும் வெயில் மயக்கம்னுதான் எழுதியிருக்காங்க."

"நீ சும்மா இருலே குமரா! வெயில் ஆளைப் படுக்க வைக்கும். சுண்டு விரலைக் கூடவா கட்டிப்போடும்?"

"சரி... பெறவு?"

"டைரக்டர் கணேஷ்ராம் கட் சொன்னான். எழும்பணும்னு நெனைக்கேன்... முடியல. கண்ணைத் தொறக்கணும்னு பாக்கேன்... முடியல! காது மட்டும் கேக்கு. 'கட் சொன்ன பெறவும் எப்படிக் கிடக்காரு பாருங்கடா, நடிப்புன்னா இது!'ன்னு அந்தக் கணேஷ்ராம் கை தட்டுதான். யூனிட்ல எழுவது பேரும் கை தட்டுதானுவ! உள்ள நான் அலறுதேன் தாயி... வெளிய கைதட்டு!"

பலவேசத்தின் வடை எண்ணெயைக் கக்கியபடி கையிலேயே இருந்தது.

"எல்லாவனும் சாப்பாட்டுக்குப் போயிட்டான். அங்கன ஒரு சத்தம் இல்ல. அப்பதான்... என் மேல வரட்டி ஏறுது. முதல்ல காலு... பெறவு நெஞ்சு... பெறவு மூஞ்சி!"

"யாரு அடுக்குனது?"

"கண்ணு மூடியில்லா கிடக்கு! தெரிஞ்சா நான் ஏன் இங்கன வாறேன்?"

"எதுக்கு அடுக்கணும்?"

"அடுத்த ஷாட்டு கொள்ளி வைக்குதது. நெசத் தீ! என்னை எடுத்துட்டு டம்மியை வைக்கணும். 'டம்மி மாத்தியாச்சு, கொளுத்துங்க'ன்னு எவனோ சொல்லியிருக்கான். எவம்லேன்னு கேட்டா எழுவது பேரும் எழுவது விரலை நீட்டுதானுவ. தீப்பெட்டி உரசுத சத்தம் என் காதுல கேட்டுச்சு தாயி!"

"பெறவு எப்படிப் பொழச்சிய?"

"கேமராமேன் அலி அக்பர் பாய் குறுக்க விழுந்துட்டாரு. 'செத்தவரு சிரிக்கலையே'ன்னு!"

"சிரிக்கலையா? என்னது?"

"சினிமாவுல அது ஒரு வழக்கம். சாவு ஷாட் முடிஞ்சா, செத்தவன் எழும்பிக் கேமராவைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிக்கணும். அதையும் படம் பிடிக்கணும். இல்லேன்னா நடிச்சது நெசமாப் போயிரும்பாங்க. நான் இருநூத்திப் பதினாலு தடவை சிரிச்சவன். நேத்து சிரிக்கல. பாய் என்னைத் தேடி கேரவனைத் தொறந்து பாத்திருக்காரு. ஆள் இல்ல. வரட்டியைத் தள்ளிப் பாத்தா... அடியில நான்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மயக்கம் போட்டிய. டம்மி மாத்துததுல குழப்பம். கவனக்குறைவுன்னு வேணா எழுதலாம். கொலைன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். உங்களைக் கொன்னு யாருக்கு என்ன லாபம்?"

"அந்தக் கணேஷ்ராம் பயதான்! 'எல்லாம் நெசமா இருக்கணும், நெசமா இருக்கணும்'னு காலையில இருந்து கத்துனான்."

"எல்லா டைரக்டரும் அப்படித்தாம்லே கத்துவான்," என்றார் குமரகுருபரன்.

ஐயம்பெருமாளின் குரல் தணிந்தது. இருநூற்றுப் பதினாலு சாவில் எந்தக் கேமராவும் பார்க்காத முகம் அது.

"திங்கக்கிழமை புதுப் படம் தாயி. அறுவது நாள் வேலை. முதல் தடவையா, கடைசி வரைக்கும் சாவாத வேஷம்! கிளைமாக்ஸ்ல பேத்தி கல்யாணத்துல இலை போட்டுச் சாப்பிடுதேன்... வணக்கம் கார்டு விழுது... நான் இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்! ஒரே ஒரு படம் உயிரோட நடிக்கணும். கொல்ல வந்தவன் சும்மா விடுவானா? திங்கக்கிழமைக்குள்ள திரும்ப வருவான். நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். 'நல்லா நடிக்கியரே'ங்கான்!"

குமரகுருபரன் பிளாஸ்க்கைத் திறந்தார். ஒரு டம்ளரில் காப்பியை ஊற்றி நண்பன் முன்னால் வைத்தார்.

"குடிலே. தொண்டை வறண்டு கிடக்கு ஒனக்கு."

ஐயம்பெருமாள் டம்ளரை எடுத்தார். உதடு வரை கொண்டுபோனார்... பேச்சு முந்திக்கொண்டது. கீழே வைத்தார்.

"இவன் ஒருத்தன்தான் தாயி எனக்கு. நேத்து பாடையில என் மேல விழுந்து அழுதான் பாருங்க... அப்படி ஒரு அழுகையை இவன் அழுததே இல்ல. ஒரு சொட்டு என் உதட்டுல விழுந்துச்சு. கரிச்சுது!"

"கண்ணீர் கரிக்கத்தானே செய்யும்?"

"இவன் கண்ணீர் கரிக்காது! முப்பத்தெட்டு வருஷமா இவன் கண்ணீர் என் உதட்டுல விழுந்தா இனிக்கும். கிளிசரின் இனிக்கும்லா? நேத்துதான் முதல் தடவையா எனக்காக நெசமா அழுதிருக்கான்!"

அவர் மறுபடியும் டம்ளரை எடுத்தார்.

ராஜராஜேஸ்வரியின் பேனா மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது.

டக்!

"காப்பி இருக்கட்டும் அண்ணாச்சி. பலவேசம், அந்தக் கேமராமேனைக் கூப்பிடும்."

"கூப்பிடவே வேண்டாம் மேடம்! வாசல்லதான் நிக்காரு. செத்தவர் சிரிக்காம நகர மாட்டேங்காரு."

மேலப்பாளையத்துக்காரர் அலி அக்பர், கையில் லேப்டாப்போடு உள்ளே வந்தார். தோளில் ஒரு சின்னக் கேமரா. முகம் வெளிறியிருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க பாக்கிச் சிரிப்பை வாங்கத்தான் கிளம்புனேன். வழியில இதைப் பாத்துட்டேன். மேடம், நீங்க பாருங்க."

"என்னது இது?"

"நேத்து நான் கேமராவை அணைக்கவே இல்ல! செத்தவர் சிரிக்கிற வரைக்கும் என் கேமரா கண்ணை மூடாது. எனக்கு அது பழக்கம். ஓட விட்டுட்டுத்தான் சாப்பிடப் போனேன். அண்ணாச்சி எழும்பிச் சிரிச்சா அதுவாப் பிடிச்சுக்கிடும்லா? திரும்பி வந்து 'சிரிச்சாரா'ன்னு கேட்டேன். 'சிரிச்சாரு பாய், நானே பாத்தேன், கேரவனுக்குப் போயிட்டாரு'ன்னு ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஏன்னா, அவர் ஒரு நாளும் சிரிப்பைப் பாத்தது கிடையாது. கட் சொன்ன உடனே கிளிசரினைக் கழுவ ஓடிருவாரு!"

இன்ஸ்பெக்டரின் பார்வை பிளாஸ்க் பக்கம் போனது.

முப்பத்தெட்டு வருஷம்! ஒரு முறையாவது நின்று பார்த்திருந்தால், 'கட்'டுக்கு அப்புறமும் கேமரா ஓடும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். அழுகிற ஆள் ஒருநாளும் சிரிப்புக்கு நின்றதில்லை.

லேப்டாப்பில் படம் ஓடியது.

ஆற்றங்கரை. பாடை. ஆளரவம் இல்லை. முகம் கழுவப் போகாத ஓர் உருவம் பாடையின் பக்கத்தில் குனிந்திருந்தது. அதன் துண்டுக்குள், ஒப்பாரிக்காகக் குத்தியிருந்த குட்டி மைக்! அதையும் யாரும் அணைக்கவில்லை.

குரல் கேட்டது. தேம்பல்.

"மன்னிச்சிருலே ஐயம்பெருமாளு... நீ சாவ, நான் அழ, முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிட்டோம். இப்ப நீ மட்டும் உயிரோட நடிக்கப் போறியாம்... நீ சாவலேன்னா நான் யாருக்குலே அழுவேன்? என்னைய எவன் கூப்பிடுவான்? இந்த ஒரு தடவை நெசமாச் செத்துருலே... ஒனக்கு நான் நெசமா அழுதுருதேன்..."

ஒரு கை முதல் வரட்டியை எடுத்து வைத்தது.

பைய. தலைமாட்டில் விளக்கு வைப்பது போல.

ஐயம்பெருமாள் லேப்டாப்பைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார். நேற்றுப் போலவே சுண்டு விரல் கூட அசையவில்லை. இந்த முறை சர்பத் குடிக்காமலே!

"குமரா...?"

குமரகுருபரன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார்.

"நீங்க சொல்லும்போதே எனக்கு இடிச்சுது அண்ணாச்சி," என்றார் ராஜராஜேஸ்வரி. "ஒப்பாரி வைக்கும்போது நீங்க சாகப் போறது அங்கன ஒருத்தருக்கும் தெரியாது. அப்பவே ஒருத்தருக்கு மட்டும் நெசக் கண்ணீர் எப்படி வந்துச்சு?"

என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் ஐயம்பெருமாளின் கை டம்ளரை எடுத்தது. உதட்டுக்குப் போனது...

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்! பாதிக் காப்பி பைலில் கொட்டியது. மீதியைக் குமரகுருபரன் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க ஊத்துன காப்பிதானே? நீங்களே குடிங்க."

குமரகுருபரன் டம்ளரைப் பார்த்தார்.

கையை நீட்டினார். பின்னால் இழுத்துக்கொண்டார்.



அப்புறம் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். மாரில் அடிக்கவில்லை. சத்தமே வரவில்லை. அழுகைக்குப் பேர்போன மனுஷருக்கு, நிஜமாக அழத் தெரியவில்லை!

"ஏலே... சவத்து மூதி!" ஐயம்பெருமாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? அந்த டைரக்டர் கால்ல விழுந்தாவது கடைசிச் சீன்ல செத்திருப்பேனேலே! ஒனக்கு ரெண்டு நாள் வேலை கெடைச்சிருக்கும்லா!"

அதைக் கேட்டதும்தான் குமரகுருபரனுக்குச் சத்தம் வந்தது.

பலவேசம் வடையை ஓரமாக வைத்துவிட்டு அவரை எழுப்பினார். அவர் லாக்கப்புக்குள் போகும் வரை ஐயம்பெருமாள் பார்த்துக்கொண்டே இருந்தார். கொன்றவனையும் பிடித்தாயிற்று, உயிரும் இருக்கிறது. ஆனால் இனி நிஜமாகவே செத்தால் மேலே விழுந்து அழ ஆளில்லை.

அலி அக்பர் தயங்கித் தயங்கிக் கேமராவைத் தூக்கினார்.

"அண்ணாச்சி... அந்தச் சிரிப்பு... நேத்துல இருந்து பாக்கி நிக்கி. வச்சிருக்கக் கூடாது."

ஐயம்பெருமாள் உதட்டைப் பிரித்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி பிரித்தார். ம்ஹூம்.

"வர மாட்டேங்கு பாய்."

ராஜராஜேஸ்வரி காப்பி சொட்டும் பைலை உதறினார். ஒரு ஃபாரத்தை உருவினார். சரசரவென்று நாலு வரி எழுதி, ஐயம்பெருமாளின் முன்னால் தள்ளினார்.

"ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி! நேத்து ஒண்ணேகால் மணிக்கு உங்களைக் கொன்னது நெசந்தான்... இந்தாங்க பேனா. 'இறந்தவர் கையெழுத்து'ன்னு நானே ஒரு கட்டம் போட்டுருக்கேன், கை நடுங்காம போடுங்க!"