பீரங்கித் திடலின் பட்டாம்பூச்சி

மருதம் கோளில் காலைப் பீரங்கி முழங்கினால்தான் ஊருக்குப் பொழுது விடியும். எந்திர வீரர்கள் கோரைத் திடலில் தீக்குண்டுகளை எறிந்து பழகுவார்கள். தொட்டில் குழந்தைகள்கூட அதற்குப் புரண்டு படுப்பதில்லை. பக்கத்துக் குடியேற்றமான வடகரையோடு சமாதானம் ஆனதும் அந்தச் சத்தம் நின்றது. திடல், பூச்சியியலாளர் கயற்கண்ணியின் பொறுப்புக்கு வந்தது.

அங்கே வாழ்ந்தது வட அமெரிக்காவிலிருந்து முட்டையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பட்டாம்பூச்சி. சிறியது, பழுப்பு நிறம், இறக்கை ஓரத்தில் கண் போன்ற புள்ளிகள். சிறகு முளைத்தபின் சில நாள்தான் ஆயுள். பூமியில் அந்த இனம் அற்றுப்போய்விட்டது. கயற்கண்ணி வேலி போட்டு, மனிதக் காலடி படாமல் காத்தாள். ஆனாலும் பருவத்துக்குப் பருவம் அவை குறைந்தன. இந்தப் பருவத்தில் நாளெல்லாம் அலைந்தும் ஏழெட்டுதான் கண்ணில் பட்டன. முட்டையிட இடமில்லாமல் புதர்களில் முட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புழுக்கள் தின்பது கோரையை. கோரைக்கு வெயில் வேண்டும். பூமியிலும் இவை கடைசியாகப் பிழைத்திருந்தது ராணுவப் பீரங்கித் திடலில்தான். குண்டு மூட்டிய தீ புதரை எரித்துக் கோரைக்கு வெளிச்சம் விட்டது. இவளுடைய பாதுகாப்போ புதரை வளர்த்துவிட்டது. வெட்டிப் பார்த்தாள், வேரிலிருந்து மறுபடி தழைத்தது.

ஒரு மூலைக்காவது தீ வைக்க அனுமதி கேட்டு ஆட்சிக்குழுவிடம் போனாள். ஊர் மூச்சுவிட ஆலையில் அரும்பாடுபட்டுத் தயாரிக்கும் உயிர்வளியை ஒரு பூச்சிக்காக எரிப்பதா என்று மறுத்துவிட்டார்கள்.

வெளியே வந்தவளிடம் தளபதி ஆரூரன் தணிந்த குரலில் சொன்னார்: "பூச்சிக்குன்னு கேட்டா தரமாட்டாங்கம்மா. எதிரிக்குன்னு கேளுங்க."

அவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். பெண்பூச்சிகள் இரண்டே மிஞ்சிய நாளில் குழுவின் முன் போய் நின்று, வடகரைக்காரர்கள் திடலை நோட்டம் விடுவதாகச் சொன்னாள். ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. ஓராண்டு குண்டு வீசுவதற்கான உயிர்வளி அன்றே ஒதுக்கப்பட்டது. அந்த இரண்டும் எப்படியோ முட்டையிட்டிருந்த மூலையை மட்டும் ஆரூரன் குறியிலிருந்து விலக்கிவைத்தார்.

மறு பருவத்தில் கோரை தழைத்தது. பழுப்புச் சிறகுகள் கூட்டங்கூட்டமாக எழுந்தன. கயற்கண்ணி அழுதுவிட்டாள். இனி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குழுத்தலைவி நன்முல்லையிடம் ஓடினாள். அவர் இவளை வாயெடுக்க விடவில்லை. எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார்.

"நீ அன்னைக்கே சொன்னே, நாங்கதான் பாதி மட்டும் நம்பினோம். நம்ம சத்தம் கேட்டு வடகரைக்காரங்களும் எல்லையில பீரங்கிய கொண்டாந்து நிறுத்திட்டாங்க. திடலைப் பாத்து இல்லம்மா, ஊரைப் பாத்து."