ஆறாவது ரெஜிஸ்டர்

12-03-2025, புதன்.
'இன்றைய தவறு: பனியன் கம்பெனிக்குப் போய் ஐந்து ரெஜிஸ்டர் பார்த்து வரச் சொன்னார் அருள்குமார் அண்ணன். ஆறு பார்த்துவிட்டேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.'

பிரிசில்லா டைரியை மூடினாள். அவள் களப்பணி செய்யும், நாடெங்கும் கிளைகள் உள்ள குடிமை உரிமை அமைப்பின் திருப்பூர் அலுவலகம். மாலைச் சட்ட வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம்.

போன் அலறியது!

"கண்ணு... மயிலாளைப் போலீஸ் புடிச்சிருச்சு!" அமைப்பாளர் அருள்குமார்.

"ஏனுங்கண்ணா?!"

"காலைல பதினொரு மணிக்குக் காதர்பேட்டைல திருட்டு டீ-சர்ட் வித்தாளாமா! பத்தரைக்கே வெளிய போயிட்டாள்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்குது. கூட வேலை செய்யறவங்க பயந்துட்டு வாயத் தொறக்க மாட்டீங்கறாங்க."

மயிலாள்! வீரபாண்டி பனியன் கம்பெனி டெய்லர். வேலை நேரத்தில் கழிப்பறையைப் பூட்டாதே என்று நூறு பேரிடம் கையெழுத்து வாங்கியவள். அதை விசாரிக்கத்தான் பிரிசில்லா இன்று மதியம் அங்கே போயிருந்தாள்.

செல்போனில் மதியம் எடுத்த போட்டோக்களைத் தள்ளினாள். ஒன்று... மூன்று... ஆறு!

ஸ்டேஷன்.

பெஞ்சில் மயிலாள். எதிர் நாற்காலியில் மேனேஜர் தரணீதரன், சட்டை கசங்காமல்.

"வாங்க அம்மிணி! மதியந்தான் டீ குடிச்சுட்டுப் போனீங்க."

"டீ நல்லா இருந்துச்சுங்க சார். ஊசி ரெஜிஸ்டர் அதவிட நல்லா இருந்துச்சுங்க."

"ஊசியா?" எஸ்.ஐ. விஜயகுமாரி நிமிர்ந்தார்.

"மெஷின்ல ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதி, டெய்லர் கையெழுத்துப் போடணுங்க மேடம். துணில துண்டு இருந்துச்சுன்னா துணி வாங்கற ஃபாரின் பையர் ஆர்டரையே கேன்சல் பண்ணிருவாங்க."

போட்டோவை நீட்டினாள்.

இன்றைய தேதி. காலை 11.05. மூன்று ஊசித் துண்டுகள். கீழே... மயிலாளின் கையெழுத்து! பக்கத்திலேயே மேனேஜர் கையெழுத்து!

தரணீதரனின் சட்டை நனைந்தது.

"அது... தப்பா எழுதியிருப்பாங்க!"

"அப்படீங்களா? நூத்துக்கு நூறு கரெக்ட்டுன்னு நீங்கதானுங்க பெருமையாக் காட்டுனீங்க! தப்புன்னா பையருக்கு ஒரு மெயில் போட்டுரலாமுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க! புகாரை வாபஸ் வாங்கிக்கறனுங்க..."

"பொய்ப் புகாருங்களா சார்?" எஸ்.ஐ. பெஞ்சைக் காட்டினார். "அப்பிடி உக்காருங்க. கேக்க வேண்டியது நெறைய இருக்குது."

மயிலாள் எழுந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். சூடு பண்ணி வச்சிருக்கறனுங்க!"

வகுப்பு தவறிப்போனது. பிரிசில்லா டைரியைத் திறந்தாள்.

'நாளை: காலை ஒன்பது மணிக்கு வீரபாண்டி. கழிப்பறைப் பூட்டு எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். ஏழு ரெஜிஸ்டர் கேட்க வேண்டும்.'