வெட்டாமல் விட்ட வாய்

நாய் குரைக்கவில்லை. ஆர்ஃபாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அடுப்பில் சோள ரொட்டி தீய்ந்த வாசனையும் மழை நின்ற மண்ணின் வாடையும் கலந்து வந்த அந்த மங்கிய சாயங்காலத்தில், வேலிக்கு வெளியே ஓக் மரத்தடியில், கொம்பு வைத்த கறுப்பு முகமூடியோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. யாரைக் கண்டாலும் பாயும் நாய், பலகைத் தரைக்கு அடியில் பதுங்கி முனகிக்கொண்டிருந்தது.

தம்பி லெமுவேல்தான். தன் கையால் தைத்த முகமூடி அவளுக்குத் தெரியாதா?

மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில் குதிரைத் திருடர்களை அடக்கவென்று கொம்பு முகமூடிக் கூட்டம் கிளம்பியது. அந்தக் கூட்டத்தை அடக்க இன்னொரு கூட்டம். இப்போது திருடர்களை யார் தேடுகிறார்கள்? இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தேடித் தேடித் தூக்கில் தொங்கவிடுகின்றன. அவள் புருஷன் ஹைரம் முகமூடிக் கூட்டம். தம்பி எதிர்க் கூட்டம். அடுத்த கயிறு லெமுவேலுக்குத்தான் என்று ஹைரம் வாயில் ரொட்டியோடு சொன்னான்.

அதனால்தான் திருட்டுத்தனமாக, ஹைரமுடையதைப் போலவே இன்னொரு முகமூடி தைத்தாள். கனத்த துணி, இரண்டு மடிப்பு. வெள்ளை நூல் தீர்ந்துபோய், வாய்க்கு மட்டும் சிவப்பு நூல். வழியில் எதிர்ப்பட்டால் முகமூடிக் கூட்டத்தார் விசிலடிப்பார்கள், பதில் விசில் கொடுக்காதவனுக்குக் கயிறு. அந்தப் பதிலையும் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்து, ஆற்றைத் தாண்டிப் போய்விடு, திரும்பியே வராதே என்று மத்தியானம்தான் கொல்லைவழியாக அனுப்பினாள்.

இப்போது வந்து நிற்கிறான்.

அவள் வேலிவரை ஓடினாள். "டேய், ஏன்டா திரும்பி வந்த? அவரு வர்ற நேரம்டா. கண்டா சுட்டுடுவாரு. போயிடுறா, உன் கால்ல விழறேன்."

அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்ன வயதில் எதையாவது கேட்டு அடம்பிடிக்கும்போது அப்படித்தான் சாய்ப்பான்.

குளம்புச் சத்தம் கேட்டது. அவள் உள்ளே ஓடிவந்துவிட்டாள். வேலியோரம் ஹைரமின் குதிரை மிரண்டு கனைத்தது. அதைத் திட்டிக்கொண்டே இறங்கியவன், மரத்தடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்து முகமூடியைக் கழற்றினான். அவன் கையில் சணல் கயிற்றின் வாடை.

"ஆத்தங்கரையில ஒரு வேவுக்காரன் மாட்டினான். நம்ம முகமூடியையே போட்டுக்கிட்டு வர்றான், கொழுப்பப் பாரு!"

"யாரு?"

"யாருக்குத் தெரியும்? செத்தவன் முகமூடியக் கழட்டுறதில்லைன்னு நமக்குள்ள கட்டுப்பாடு. அப்படியே தொங்குறான்." ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "விசிலடிச்சோம், அடிச்சோம், பய பதிலே குடுக்கல. ரெண்டு கையாலயும் வாய்கிட்ட துணியப் பிறாண்டிக்கிட்டு நின்னான். அப்புறந்தான் பாத்தேன், வாயி இருக்கவேண்டிய எடத்துல சுத்திவரச் சிவப்பு நூலு. ஓட்டையே வெட்டல! எந்தக் கூறுகெட்ட பொம்பள தச்சாளோ."

ஆர்ஃபாவின் கை ஏப்ரன் பைக்குள் போய், எதையோ பற்றிக்கொண்டு வெளியே வந்தது. கத்தரி. மத்தியானம் அந்த வாயை வெட்டத்தான் எடுத்தாள். அதற்குள் முற்றத்தில் யாரோ நடக்கும் சத்தம். பதறிப்போய் முகமூடியை அப்படியே தம்பி கையில் திணித்து, ஓடு ஓடு என்று தள்ளிவிட்டாள்.

நான்தான். ஐயோ, நானேதான்.

வாசல் பலகை கிறீச்சிட்டது.

"யாரது?" ஹைரம் துப்பாக்கியை எடுத்தான். பழக்கதோஷம், உதட்டைக் குவித்து விசிலடித்தான்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தான்.

வெளியே மூச்சு. ஈரத்துணியை உறிஞ்சும் சத்தம். நின்றது. மறுபடி உறிஞ்சியது.

"அடிக்காதீங்க," என்றாள் ஆர்ஃபா. "அவனால முடியாது."

ஜன்னல் கதவு மெல்லத் திறந்தது. முதலில் கொம்புகள். பிறகு முகம். கழுத்தில் கயிற்றின் அறுந்த நுனி. ஹைரமின் துப்பாக்கி தரையில் விழுந்தது.

சிவப்பு நூலுக்கு நடுவே துணி உள்ளே போயிற்று. வெளியே வந்தது. உள்ளே போயிற்று.

அவன் ஹைரமைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, அந்த வாயை அவள் கையிலிருந்த கத்தரிக்கு நேரே கொண்டுவந்து வைத்தான்.