காரில் வைத்த மூன்று கண்கள்

கராஜின் கதவை இறக்கிவிட்டிருந்தார்கள். கார் சுவரைப் பார்த்து நின்றது. அப்படியிருந்தும், போலீஸின் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியைக் குழப்புகிற ஜாமர் கத்தியது.

காருக்கடியில் மல்லாந்து கிடந்து கடைசி ஒயரைச் சொருகிவிட்டு அப்போதுதான் வெளியே ஊர்ந்து வந்திருந்தான் ஓட்வார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு துடித்தது. முன்பக்கத்திலிருந்து யாரோ லேசரால் குறிபார்க்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். முன்பக்கத்தில் இருந்ததோ பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு அடுக்கு, அதைத் தாண்டினால் க்ளோம்மா ஆறு வரைக்கும் பனி மூடிய காடு.

"யாருடா அடிக்கிறது?" என்றான் ஹல்வார்ட்.

"எவன் வந்து அடிக்கப் போறான்? டியூப்லைட்டா இருக்கும். புதுச் சாமான், கொஞ்ச நாளைக்குக் கண்டதுக்கும் கத்தும்."

ஓட்வார் போய் விளக்கை அணைத்தான். கும்மிருட்டு. கிரீஸும் ஈரக் கம்பளியும் கலந்த வாடைக்கு நடுவில் அந்தச் சிவப்பு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அது தானாக அடங்கியது. ஓட்வார் விளக்கைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கையைத் துடைத்துக்கொண்டான்.

ஹல்வார்டுக்கு இந்தச் சாமான் வேண்டியிருந்ததற்கு ஒரே காரணம் டூவா. எட்டு வயது மகள். பிரிந்துபோன மனைவி சூல்வெயோடு வடக்கே டின்செட் என்ற ஊரில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மர அறுவை ஆலையில் வேலை முடிந்ததும் இவன் காட்டு வழியே வடக்கே ஓட்டிப்போய் அவளைக் கூட்டிவந்து, ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுபோய் விடுவான். வேகமாக ஓட்டி ஓட்டியே உரிமத்தில் அபராதப் புள்ளிகள் ஏறி விளிம்பில் நின்றன. இன்னொரு தடவை பிடிபட்டால் உரிமம் போச்சு. உரிமம் போனால் டூவா போச்சு. அந்த வழிக்கு வாய்த்த பஸ்ஸை நம்பி யாரும் பிள்ளை வளர்க்க முடியாது. மெதுவாகப் போய்த் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவன் அம்மாவிலிருந்து போலீஸ்காரர் வரைக்கும் எல்லோரும் கேட்டாயிற்று. சில ஆட்களுடைய கால் அப்படி, மூளை சொல்வது அதுவரை எட்டாது.

முன்பு ஜாமரைத் தேர்ந்தெடுக்கவும் ஓட்வார்தான் கூட உட்கார்ந்திருந்தான். ஆலையில் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற ஆள். வீட்டுக் கராஜில் இந்த வேலையையும் கமுக்கமாகச் செய்வான். இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தான். இரண்டின் மேலும் பார்க்கிங் சென்சார் என்றுதான் அச்சடித்திருந்தது.

"இது ஒத்தைக் கண்ணு. நம்பர் பிளேட்டை மட்டும்தான் காப்பாத்தும். போலீஸ்காரன் ஹெட்லைட்டைப் பார்த்து அடிச்சான்னு வை, மாட்டுன. இதுக்கு மூணு கண்ணு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. அவன் எங்க அடிச்சாலும் துப்பாக்கியில உன் வேகமே விழாது."

"மூணுதான் வேணும்," என்றான் ஹல்வார்ட். யோசிக்கவே இல்லை.

கிரில்லின் இரண்டு ஓரத்திலும் மட்டம் பிடித்து, ஒரு மயிரிழை கூடச் சாயாமல் கண்களைப் பொருத்திய பிறகு, ஓட்வார் அவனை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது.

"சத்தம் வந்தா பிரேக். முள்ளைப் பாரு. வேகம் சரியா வந்ததும் இந்தப் பட்டனை அமுக்கி ஜாமரை அணைச்சிடு. அணைக்காம விட்டியோ, துப்பாக்கியில ஒண்ணும் விழலையேன்னு அவனுக்குச் சந்தேகம் வரும். நிறுத்தி கிரில்லுக்குள்ள டார்ச் அடிப்பான். நீயா உன்னைக் காட்டிடணும், புரியுதா? நல்ல பிள்ளையாட்டம், இந்தா அளந்துக்கன்னு."

"புரியுது."

"புரிஞ்சா போதாது, விரலுக்குத் தெரியணும். எங்க, அமுக்கு. இன்னொரு தடவை. டேய், பொண்டாட்டி கன்னத்தைத் தடவுற மாதிரி தடவாதே, அமுக்கு!"

விரலுக்குத் தெரியும்வரை அமுக்க வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் சோதனை. டிசம்பரில் அங்கே மூன்று மணிக்கே வெளிச்சம் செத்துவிடும். ஊருக்கு வடக்கே காட்டுக்குள் சாலை வளையாமல் ஓடும் இடத்தில், வண்டி ஒதுக்கும் திட்டில் ஓட்வார் பழைய போலீஸ் லேசர் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றான். ஹல்வார்ட் கடைக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்திருந்தான். வார இறுதிக்கு வாங்கிய டாக்கோ சாமான்களும், டூவாவுக்குப் பான்கேக் செய்ய முட்டையும் பக்கத்துச் சீட்டில் இருந்தன.

முதல் ஓட்டம் சுத்தமாக அமைந்தது. கத்தியது, பிரேக் போட்டான், அமுக்கினான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அணைக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணுமே விழலை. அணைச்சதும் பளிச்சுனு விழுந்துடுச்சு. ராஜா மாதிரி வேலை செய்யுது!" என்றான் ஓட்வார்.

கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் பனியின் பாரத்தில் தலை குனிந்த மரங்கள், பனியில் சாலையின் விளிம்பு தெரிய நட்ட குச்சிகளின் ஒளிப்பட்டைகள் ஹெட்லைட்டில் ஒவ்வொன்றாக மின்னி மறைந்தன, டயருக்கடியில் இறுகிய பனி நறநறவென்று அரைபட்டது. ஜாமர் கத்தியது. பிரேக். முள். விரல் அமுக்கியது.

சத்தம் நின்ற அதே நொடியில் காருக்குள் காற்று கனத்த மாதிரி இருந்தது. குளத்துப் பனியை உடைத்தால் அடியிலிருந்து ஒரு வாடை வருமே, அந்த வாடை. உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை யாரோ தன்னை நிதானமாகப் பார்த்து முடித்த மாதிரி அவனுக்கு உடம்பு கூசியது. என்னவென்று சொல்லத் தெரியாமல் பயந்தான்.

"இப்ப எவ்வளவு காட்டுச்சு?" என்று போனில் கேட்டான்.

"எங்கடா காட்டுறது? நான் இன்னும் துப்பாக்கியையே எடுக்கலை. ஒண்ணுக்கு அடிச்சிட்டு இருக்கேன்."

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகுமுன் ஆம்லெட் போட, முந்தின நாள் காரில் வந்த முட்டையில் ஒன்றை எடுத்தான். கையில் எடையே இல்லை. வாணலியின் விளிம்பில் தட்டினான். ஓடு உடைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததும் அப்படியே. எந்த முட்டையிலும் கீறலில்லை, ஓட்டையில்லை, எல்லாம் முழு முட்டைகள், எல்லாம் காலி. கடைக்காரனைத் திட்டிப் பார்த்தான். திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. ரொட்டியை மென்றுகொண்டே ஓடுகளைக் குப்பையில் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினான்.

அன்று வடக்கே போகும்போது அதே நேர்ச்சாலையில் ஜாமர் மறுபடி கத்தியது. வேகத்தைக் குறைத்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை, ஆள் இல்லை. விரல் தானாகப் பட்டனுக்குப் போனது, இழுத்துக்கொண்டான். கத்தட்டும் என்று விட்டான். முன்கண்கள் கத்தின, பிறகு பின்கண்ணும் கத்தியது. சாலை வளையும்வரைக்கும் அது ஓயவில்லை. வளைந்ததும் நின்றது. வாடையில்லை, கனமில்லை. கத்துகிறவரைக்கும் நான் அதற்குத் தெரியமாட்டேன் என்று அவனுக்குப் புரிந்தது. எதற்குத் தெரியமாட்டேன் என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

டின்செட்டில் சூல்வெய் கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? உடம்பு சரியில்லையா? வேணும்னா இந்த வாரம் அவ இங்கயே இருக்கட்டும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. தூக்கம் பத்தலை."

"இங்க பாரு ஹல்வார்ட். வண்டியை விரட்டிக்கிட்டு வந்தேன்னு மட்டும் காதுல விழுந்துச்சோ, அப்புறம் இந்த வீட்டு வாசல்ல உனக்கு வேலை இல்லை. சொல்லிட்டேன்."

"மெதுவாத்தான் போவேன். என்னைத்தான் நீ எப்பவும் நம்ப மாட்டியே."

டூவாவை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வீம்பு விடவில்லை. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அடுத்த தடவையும் கேட்பாள், அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும் என்று பயந்தான். டூவா அதற்குள் சிவப்புப் பனியுடுப்பைக் காலிலிருந்து கழுத்துவரை ஜிப் இழுத்து மாட்டிக்கொண்டு, கையுறை போட்ட கையில் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளோடு தயாராக நின்றாள். அவனே அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான். இழுத்தும் பார்த்தான்.

"அப்பா, பான்கேக் உண்டா?"

"முட்டை இல்லைடா கண்ணு. வழியில வாங்கிக்கலாம்."

"போன வாரமும் இப்படித்தான் சொன்னே. நீ புளுகுணி அப்பா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

ஊர்களைத் தாண்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எவனோ சறுக்கி விழுந்த கதையை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் உம் கொட்டினான், ஆனால் காது பெட்டியிடம்தான் இருந்தது. முள் சட்டத்துக்குள்ளேயே நின்றது. என்ன கத்தினாலும் அமுக்க மாட்டேன், அமுக்கவே மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சாலை நேரானது. காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது.

கத்தியது.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்லை. நீ கதையைச் சொல்லு."

அவள் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். கத்தட்டும். கத்தக் கத்த நல்லது. வளைவு அதோ, இன்னும் கொஞ்ச தூரம்.

அப்போது, சோதனையன்று ஓட்வார் நின்ற அந்தத் திட்டில் சிவப்பு விளக்கு ஒன்று ஆடியது. மேலே, கீழே. மேலே, கீழே. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி போலீஸ் காட்டும் கோல்விளக்கு. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் மேலங்கி, அதில் வெள்ளிப் பட்டைகள்.

போலீஸ். கடவுளே, வெறும் போலீஸ்!

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பயமும் இதற்குத்தானா? மனுஷன்தான். சட்டைபோட்ட, சம்பளம் வாங்குகிற மனுஷன். அடுத்த நொடியே வேறு பயம் வந்தது. ஜாமர் கத்திக்கொண்டிருக்கிறது. அவன் துப்பாக்கியில் ஒன்றும் விழுந்திருக்காது. கிரில்லுக்குள் டார்ச் அடிப்பான். உரிமம். சூல்வெய். டூவா.

பிரேக். முள்.

விரல் அமுக்கிவிட்டது.

அமைதி.

டூவாவின் கதையும் நின்றிருந்தது.

குளத்து வாடை காரை நிறைத்தது. அவன் திட்டில் ஒதுக்கினான். கை அதைச் செய்தது. ஹெட்லைட் மேலங்கியின் மேல் விழுந்தது. போலீஸ் வண்டி எதுவும் இல்லை. பனியில் ஒரு காலடி கூட இல்லை. மேலங்கி ஆள் உயரத்தில், பொத்தான்கள் போட்டு, தோள்கள் புடைத்து நின்றது. அதற்கு மேலே தொப்பி. தொப்பிக்கும் காலருக்கும் நடுவில் பின்னாலிருந்த மரங்கள் தெரிந்தன. சிவப்பு விளக்கு ஆடுவதை நிறுத்தியது. மேலங்கி அப்படியே பனியில் சரிந்து தட்டையானது.

"டூவா."

பதில் இல்லை.

"டூவா, கண்ணு. தூங்கிட்டியா?"

திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை. பார்க்காதவரைக்கும் அவள் தூங்குகிறாள். உள்விளக்கைப் போட்டான். திரும்பினான்.

சிவப்பு உடுப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பெல்ட் இறுக்கமாக, அவன் மாட்டியது மாட்டியபடி. ஜிப் கழுத்துவரை. உடுப்போடு சேர்ந்த குல்லா உருண்டையாக, நேராக நின்றது. அதற்குள் சீட்டின் துணி தெரிந்தது.

கையை நீட்டி முழங்கால் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டான். விரல்கள் அமிழ்ந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் சூடாக இருந்தது, குழந்தையின் உடம்புச் சூடு.

அந்தக் காலி உடுப்பின் மார்பு மெல்ல எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது.