அழித்த வரி

பதிவில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷாலின், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரகடம் தொழிற்சாலையில் ஆண்டுப் பராமரிப்பு விடுமுறை. தகரக் கூரையின் வெப்பம் ஓடாத மெஷின்கள் மேல் இறங்கி, பழைய எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாடையைக் கிளப்பிக்கொண்டிருக்க, லைனை ஒட்டிய கண்ணாடி அறையில் அவள் மட்டும் இருந்தாள். மூன்றாம் எண் பிரஸ் தகட்டை அடிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் ஆபரேட்டர் எண்ணையும் பதிந்துவைக்கும் சின்னக் கணினி அவள் முன்னால் இருந்தது. அதன் பழைய புரோகிராமைப் புதுப்பிக்கப் போனால், பதிவைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டிரைவர் என்ற மென்பொருள், தன்னைக் கட்டமைக்க சி கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டுமென்று அடம்பிடிக்கும். இணையமே இல்லாத பெட்டியில் கம்பைலருக்கு எங்கே போவது? ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகு, கம்பைலரே கேட்காத, முழுக்க கோ என்ற கணினி மொழியில் எழுதிய டிரைவர் ஒன்று அகப்பட்டது. தான் தங்கும் சுங்குவார்சத்திரத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தாள். போட்டதும் ஓடியது. தனியாகச் சிரித்துக்கூடக் கொண்டாள்.

கடைசி வரி நேற்று மாலையோடு முடிந்திருக்க வேண்டும். அதன் கீழே இன்றைய தேதி. மணி 3.10. ஆபரேட்டர் 2217. இடது பட்டன் அழுத்தப்பட்டது. வலது பட்டன் இல்லை.

சுவர்க் கடிகாரத்திலும் 3.10.

2217 இதே பிரஸ்ஸை ஓட்டிய காந்திமதியின் எண். இரண்டு கையும் இரண்டு பட்டன் மேல் இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஜூன் மாதம் ஒரு நாள் ஒற்றைப் பட்டனுக்கே இறங்கிவிட்டது. காந்திமதியின் வலது கை உள்ளே இருந்தது. ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. கோளாறு மெஷினில்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இந்தப் பதிவின் ஒற்றை வரி. சூப்பர்வைசர் வெங்கடேசன் சொல்ல, ஷாலின் அதை அழித்தாள். கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள்.

தான் போட்ட புது டிரைவரில்தான் பிழை. வேறென்ன? பழைய பதிவை நகர்த்திவிட்டு, புதிதாக ஒரு வெற்றுப் பதிவைத் திறந்தாள். தலைப்புகள் மட்டும். மூச்சு விட்டாள்.

அதில் ஒரு வரி விழுந்தது. 2217.

வெங்கடேசனுக்குப் போன் போட்டாள்.

"சார், மூணாம் பிரஸ்ஸ யாராச்சும் ஓட்றாங்களா?"

"இன்னாம்மா, லீவு நாள்ல காமெடி பண்றே? அதோட மெயின் ஆஃப். பூட்டு போட்டு சாவிய நான்தான் வச்சிகினு கீறேன்." குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அந்த வரிய அப்பவே அழிச்சிட்டேல்ல?"

"அழிச்சிட்டேன் சார்."

"அப்போ கெளம்பி வூட்டுக்குப் போ."

போனை வைத்ததும், பிரஸ்ஸிலிருந்து கணினிக்கு வரும் கேபிளைப் பிடுங்கினாள். கேபிள் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி. அதற்கும் அடுத்தது. இப்போது காலடியில் தரை மெல்ல அதிர்ந்தது.

பூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. வெளியே வந்தாள். அவளுடைய செருப்புச் சத்தம் கொட்டகை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. மெயின் சுவிட்சில் சிவப்புப் பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பேனலில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

திரும்பினாள்.

மூன்றாம் பிரஸ்ஸின் இடது பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது.

காந்திமதி தலையில் வைக்கும் மல்லிகையின் வாசம். வேர்வை வாசம்.

அவளுடைய வலது மணிக்கட்டை ஏதோ பற்றியது. குளிர்ந்த விரல்கள். முரட்டுத்தனமில்லை. புதிதாகச் சேர்ந்தவளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக இழுத்தது. கத்தினாள். கேட்டில் செக்யூரிட்டி செல்வநாதன் இருந்தார். அரை கிலோமீட்டர் தள்ளி.

முழங்கை வரை கை பிரஸ்ஸுக்குள் போனது. இரும்பு சில்லென்றிருந்தது.

கண்ணாடி அறையின் திரையில் புது வரி. ஆபரேட்டர் 3085.

அது ஷாலினின் ஊழியர் எண்.

இடது அழுத்தப்பட்டது. வலது இல்லை.

புறங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. நிமிர்ந்தாள். மின்சாரமில்லாத அந்த ராட்சத இரும்பு, சத்தமே இல்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது.